விண்வெளித் தலைக்கவசம் அணிந்தால் எப்படி இருக்கும்?



2025 ஜூலை 15-ஆம் தேதி சுபான்ஷு சுக்லா விண்வெளியிலிருந்து திரும்பி வந்தார் அல்லவா? அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. மாறுவேடப் போட்டிக்கு எட்டு வயதுப் பேரன் வழக்கமாகப் பாரதியார் வேடம்தான் போடுவான். முண்டாசு கட்டி, மீசை வரைந்துவிட்டால் வேலை முடிந்தது. இந்த முறை, "தாத்தா, எனக்கு விண்வெளி வீரர் வேஷம்தான் வேணும்" என்று பிடிவாதம் பிடித்தான். "நீங்க ரயில்வே இன்ஜினீயர்தானே, ஒரு ஹெல்மெட் செய்ய முடியாதா?" என்று வேறு கேட்டுவிட்டான். மானப் பிரச்சினையாகிவிட்டது.

பெரிய பலூன் ஒன்றை ஊதி, மைதாப் பசையில் நனைத்த பழைய செய்தித்தாள்களை அதன்மேல் நான்கு அடுக்காக ஒட்டி, சுள்ளிக்கல் வீட்டு மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்தோம். வெள்ளைப் பெயின்ட் அடித்து, முகத்துக்கு நேரே துளை வெட்டி, பழைய எக்ஸ்ரே பிலிமை ஒட்டினோம். பையன் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. "தாத்தா, மூச்சு முட்டுது. என் சத்தமே எனக்குப் பெரிசாக் கேக்குது. மூக்கு அரிக்குது. எப்படிச் சொறியறது?" என்று கழற்றி எறிந்தான்.

விண்வெளி வீரர்களும் பொறியாளர்களும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் கேள்விகளே இந்த மூன்றும். அவனுக்குச் சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரிவாக இங்கே தருகிறேன்.

தொப்பியா, அறையா?

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் விண்வெளித் தலைக்கவசமும் தோற்றத்தில் உறவுக்காரர்கள், வேலையில் அல்ல. முன்னது அடியிலிருந்து காக்கிறது. பின்னது காற்றைப் பிடித்து வைக்கிறது. ஆகவே அதைத் தொப்பி என்பதைவிடத் தலைக்கென்று கட்டிய சிறிய அறை என்பதே பொருத்தம்.

கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் காற்று சுமார் 1 கிலோ எடையாக நம்மை அழுத்துகிறது. விண்வெளியில் அந்த அழுத்தம் கிடையாது. விண்கலத்துக்கு வெளியே வேலை செய்ய அமெரிக்கர்கள் பயன்படுத்தும் உடையின் உள்ளே சுமார் 0.3 கிலோ அழுத்தம் வைக்கிறார்கள். நம் ரயிலின் பிரேக் பைப்பில் இருப்பது 5 கிலோ. அதோடு ஒப்பிட்டால் இது அற்பம் என்று தோன்றும். ஆனால் கழுத்து வளையத்தின் விட்டம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். பரப்பு சுமார் 700 சதுர சென்டிமீட்டர். அதாவது, கவசத்தைத் தலையிலிருந்து பிடுங்கி எறிய 200 கிலோவுக்கு மேற்பட்ட விசை ஓயாமல் முயன்றுகொண்டிருக்கிறது! கழுத்து வளையத்தின் பூட்டும் ரப்பர் சீலும் அதைத் தடுத்து நிற்கின்றன.

அழுத்தத்தைக் கூட்டி வைத்தால் என்ன என்று கேட்கலாம். கூட்டினால் உடை காற்றடைத்த டியூப் போல விறைத்துவிடும். விரலை மடக்க முடியாது. 1965 மார்ச் 18-ஆம் தேதி முதன்முதலில் விண்வெளியில் மிதந்த ரஷ்ய வீரர் அலெக்ஸி லியோனவ் இதை அனுபவித்தார். வெளியே இருந்தது 12 நிமிடம்தான். அதற்குள் உடை உப்பிப்போய், கலத்துக்குள் நுழைய முடியவில்லை. உடையிலிருந்த காற்றைத் தாமே கொஞ்சம் வெளியேற்றி, உயிரைப் பணயம் வைத்து உள்ளே வந்து சேர்ந்தார்.

ஆகவே அழுத்தத்தைக் குறைத்து, சாதாரணக் காற்றுக்குப் பதில் சுத்தமான ஆக்ஸிஜனை நிரப்புகிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. கோலி சோடாவைத் திறந்தவுடன் குமிழ்கள் பொங்குகின்றன அல்லவா? திடீரென்று அழுத்தம் குறைந்தால் நம் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜனும் அப்படியே குமிழியாகும். அதனால் வெளியே போகுமுன் நெடுநேரம் ஆக்ஸிஜனை மட்டும் சுவாசித்து, உடலிலுள்ள நைட்ரஜனைக் கழித்துவிட வேண்டும். ஆழ்கடலில் முங்கி வருபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

காதும் மூக்கும் கண்ணும்

எனக்கு விண்வெளிக் கவசம் அணியும் பாக்கியம் கிட்டவில்லை. ஆனால் அதன் அண்ணனை ஒருமுறை அணிந்திருக்கிறேன். 1980-களில் ஒரு பாலத்தின் அடித்தளத்தை ஆய்வு செய்ய வந்த முங்கல்காரர் ஒருவர், தம் பழைய செப்புத் தலைக்கவசத்தைக் கரையில் வைத்தே எனக்கு மாட்டிவிட்டார். கனம் தோளை அமுக்கியது. ரப்பரும் எண்ணெயும் கலந்த வாசனை. குழாய் வழியே காற்று 'புஸ்' என்று வந்தது. எதிரே நண்பர்கள் சிரித்தார்கள். வாய் அசைந்ததே தவிரச் சத்தம் இல்லை. என் மூச்சின் இரைச்சல் மட்டும் காதை நிறைத்தது. அரை நிமிடத்தில் கையைக் காட்டிவிட்டேன். முங்கல்காரர் சிரித்துக்கொண்டே, "பம்பு அடிக்கிற ஆளை நம்பினாத்தான் சார் இதைப் போட முடியும்" என்றார்.

விண்வெளியிலும் அப்படித்தான். வெளியே ஒலியைச் சுமக்கக் காற்றில்லை. கேட்பது மூன்று சத்தங்கள்: சொந்த மூச்சு, காதருகே ரேடியோவில் பேசும் குரல்கள், காற்றைச் சுழற்றும் மின்விசிறியின் ரீங்காரம். இந்த விசிறி ஆடம்பரம் அல்ல. பூமியில் நாம் விடும் வெப்பமான மூச்சு தானாக மேலே எழும்பிப் போய்விடுகிறது. எடையற்ற நிலையில் அது முகத்தின் முன்னாலேயே தேங்கி நிற்கும். கரியமில வாயுவையே திரும்பத் திரும்பச் சுவாசிக்க நேரும். அதனால் பின்தலைப் பக்கமிருந்து காற்று வந்து முகத்தைத் தடவி மூச்சை அடித்துச் செல்லும்படி அமைத்திருக்கிறார்கள். ரயிலில் தூங்கும்போது மின்விசிறி நின்றால் சட்டென்று விழித்துக்கொள்கிறோமே, அதுபோல அங்கே ரீங்காரம் நின்றால்தான் பயம்.

அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்த உடைக்குள் விசிலடிக்க வராதாம். நம் கார்டுகள் அங்கே வேலை பார்க்க முடியாது!

மூக்கு அரித்தால்? கவசத்தின் உள்ளே நுரைப் பஞ்சுக் கட்டை ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். அழுத்தம் மாறும்போது காது அடைத்துக்கொள்ளும். மூக்கை அந்தக் கட்டையில் அமுக்கி ஊதினால் காது திறக்கும். அதற்காக வைத்ததை வீரர்கள் மூக்குச் சொறியவும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். தும்மல் வந்தால் குனிந்து மார்புப் பக்கமாகத் தும்ம வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்கத் தெறித்துவிடும், துடைக்க வழியில்லை. தாகத்துக்கு மார்பருகே தண்ணீர்ப் பையும் உறிஞ்சுகுழலும் உண்டு.

தலையைத் திருப்பினால் கவசம் திரும்பாது. உள்ளே தலை மட்டும்தான் திரும்பும். ஜன்னலோரப் பயணி போலத்தான் பார்க்க வேண்டும். அந்த ஜன்னல் பாலிகார்பனேட் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கால் ஆனது. வெயிலைத் தடுக்க அதன்மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சுக் கொண்ட திரையை இறக்கிக்கொள்கிறார்கள்.

கண்ணுக்கு வந்த சோதனைகளும் பல. 1966 ஜூனில் ஜெமினி-9 கலத்திலிருந்து வெளியே வந்த யூஜீன் செர்னன் கடும் உழைப்பில் வியர்த்துப்போக, கண்ணாடி முழுதும் ஆவி படிந்து எதிரே ஒன்றும் தெரியவில்லை. மூக்கு நுனியால் தேய்த்துச் சிறு வட்டம் துடைத்து அதன் வழியே பார்த்தார். அதற்குப் பிறகு ஆவி படியாத பூச்சுத் தடவ ஆரம்பித்தார்கள். 2001 ஏப்ரலில் கனடா வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டின் கண்ணில் அந்தப் பூச்சே பட்டு எரிந்தது. கண்ணீர் வந்தது, ஆனால் எடையற்ற நிலையில் கண்ணீர் கன்னத்தில் வழியாது. ஒரு கண்ணில் உருண்டையாகச் சேர்ந்து, மூக்கைத் தாண்டி மறு கண்ணுக்கும் போய் இரண்டையும் மறைத்தது. அழுதாலும் கண்ணீரை இறக்கிவைக்கப் பூமி வேண்டியிருக்கிறது!

கடைசியாக வாசனை. விண்வெளியை யாரும் நேராக முகர முடியாது. ஆனால் உள்ளே திரும்பிவந்து கவசத்தைக் கழற்றும்போது, உடையிலும் கருவிகளிலும் ஒரு மணம் ஒட்டியிருக்கிறது என்கிறார்கள். பலர் அதை வெல்டிங் புகையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். தெர்மிட் வெல்டிங் வைத்துத் தண்டவாளம் இணைத்த என் போன்றவர்களுக்கு அது சொந்த ஊர் வாசனை! நிலவில் இறங்கியவர்களோ, நிலவுத் தூசு வெடித்த மருந்தைப் போல மணத்தது என்றார்கள். தீபாவளி காலையில் நம் தெருவில் வருமே, கிட்டத்தட்ட அந்த மணம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஒன்றரை லிட்டர் தண்ணீர்

ஒவ்வொரு பொறியாளரும் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. 2013 ஜூலை 16-ஆம் தேதி இத்தாலிய வீரர் லூகா பார்மிட்டானோ சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தார். பின்னங்கழுத்தில் ஈரம் தட்டியது. முதலில் வியர்வையோ என்று நினைத்தார்கள். ஈரம் பெருகியது. எடையற்ற நிலையில் நீர் கீழே சொட்டாது. தோலில் ஒட்டிக்கொண்டு பரவும். காதுகளை மூடி, கண்களை மறைத்து, மூக்குக்குள்ளும் புகுந்தது. அந்நேரம் பார்த்துச் சூரியனும் மறைந்து இருட்டிவிட்டது. தம்மைக் கலத்தோடு பிணைத்திருந்த கேபிளைத் தடவித் தடவியே அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தார். உடைக்குள் கசிந்த நீர் சுமார் ஒன்றரை லிட்டர். விண்வெளியில் தண்ணீரில் மூழ்கிச் சாக இருந்தார்!

காரணம் என்ன? உடலைக் குளிர்விக்கும் நீரையும் சுவாசக் காற்றையும் பிரித்துவைக்கும் கருவியில் நுண்ணிய துளைகள் அடைத்துக்கொண்டிருந்தன. நீர் காற்றுப் பாதையில் ஏறிவிட்டது. ஆனால் விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. ஒரு வாரம் முன்பு, ஜூலை 9-ஆம் தேதியே அதே கவசத்துக்குள் தண்ணீர் காணப்பட்டது. குடிநீர்ப் பை ஒழுகியிருக்கும் என்று முடிவுகட்டி, மேற்கொண்டு ஆராயாமல் மறுபடி அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இதைப் படித்தபோது என் நெஞ்சு ஒரு கணம் நின்றது. ஏனென்றால் அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

நான் ஒரு செக்‌ஷனில் தடப் பராமரிப்புப் பொறுப்பில் இருந்த காலம். மழைக்காலம். தினமும் தண்டவாளத்தோடு நடந்து பார்க்கும் கீமேன் ஒருவர் மாலையில் வந்து, "சார், அந்த ஜாயின்ட் சத்தம் சரியில்லை. சுத்தியல்ல தட்டினா மணி மாதிரி கேக்கணும், ஓட்டைப் பானை மாதிரி கேக்குது" என்றார். "மழை ஈரத்தில் ஜல்லி இறங்கியிருக்கும், பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். அவரைவிடப் படித்தவன் என்ற நினைப்பு. மறுநாள் அவர் மறுபடி வந்தார். வாசலிலேயே நின்றார், போகவில்லை. வேறு வழியின்றிக் கூடப் போனேன். ஃபிஷ்பிளேட்டைக் கழற்றிப் பார்த்தால், போல்ட் துளையிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல். உடனே வேகக் கட்டுப்பாடு போட்டு, தண்டவாளத்தை மாற்றினோம். எதுவும் நடக்கவில்லை. ஆனால் இடைப்பட்ட அந்த ஓர் இரவில் அதன்மேல் எத்தனை பயணி வண்டிகள் ஓடின என்று எண்ணிப் பார்த்து, வெகுநாள் தூக்கம் வரவில்லை.

கையில் உடனே கிடைக்கும் காரணம் எப்போதும் உண்மையான காரணமாக இருப்பதில்லை. ஜல்லி இறங்கியிருக்கும், பை ஒழுகியிருக்கும் என்று சொல்லிவிடுவது சுலபம். எழுந்து போய்ப் பார்ப்பதுதான் வேலை.

அந்தச் சம்பவத்துக்குப் பின் நாசா கவசத்தின் உட்புறம் நீரை உறிஞ்சும் மெத்தையும், தண்ணீர் சூழ்ந்தாலும் உடையின் கீழ்ப்பகுதியிலிருந்து காற்றை இழுத்துக்கொள்ள ஒரு குழாயும் வைத்தது. 2022 மார்ச்சில் இந்திய வம்சாவளி வீரர் ராஜா சாரியுடன் வெளியே சென்ற ஜெர்மானியர் மத்தியாஸ் மௌரரின் கவசத்திலும் நீர் காணப்பட்டது. அம்முறை அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

மடியில் வைத்த மகுடம்

தலையில் அணிவது எதுவாயினும் நம் நாட்டில் அது வெறும் பொருள் அல்ல. மணமகனுக்குத் தலைப்பாகை, அரசனுக்கு முடி, கூத்துக்காரருக்குக் கிரீடம். வடமலபாரில் தெய்யம் ஆடுபவர் பெரிய முடியை அணிந்து, கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்த பிறகே தெய்வமாகிறார் என்பது நம்பிக்கை. அதுவரை அவர் நம்மைப் போன்ற மனிதர்.

விண்வெளிக் கவசத்திலும் கண்ணாடி உண்டு, ஆனால் வெளிப்பக்கம். 1969 ஜூலையில் நிலவில் எடுத்த புகழ்பெற்ற படத்தை நினைவுகூருங்கள். நிற்பவர் எட்வின் ஆல்ட்ரின். அவர் முகம் தெரியவில்லை. தங்கத் திரையில் தெரிவது படம் எடுத்த ஆம்ஸ்ட்ராங்கின் உருவம்! முகம் தெரியாததால்தானோ என்னவோ, உள்ளே இருப்பது நாமாகவும் இருக்கலாம் என்று உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தோன்றுகிறது. 1963-இல் 'கலை அரசி' படத்தில் எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகம் போய்வந்ததை நம் பெற்றோர் பார்த்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது.

நம் மட்டாஞ்சேரி அரண்மனையைப் பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். கொச்சி மகாராஜாக்கள் மகுடத்தைத் தலையில் சூடாமல் மடியில் வைத்துக்கொள்வார்கள் என்பது இங்குள்ள பழைய வழக்கு. இழந்துபோன பூர்விக இடமான வன்னேரியை மீட்கும்வரை முடி சூடுவதில்லை என்று முன்னோர் சபதம் செய்ததாகச் சொல்வார்கள். விண்வெளி வீரர்களின் அதிகாரபூர்வப் படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் கவசத்தை மடியிலோ பக்கத்திலோ வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். முகத்தைக் காட்ட வேண்டுமே என்பதே காரணம். ஆயினும் எனக்கு நம் ஊர் மகாராஜாக்களின் நினைவு வருவதுண்டு.

இன்னொன்றும் தோன்றுகிறது. போகிற இடத்தில் மூச்சு விடத் தன் ஊர்க் காற்றைக் கொஞ்சம் சுமந்து செல்வதே இந்தக் கவசத்தின் தத்துவம். பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்து, கொலுப் பொம்மையையும் அம்மியையும் பேச்சையும் கூடவே கொண்டுவந்த நமக்கு அது புரியாததல்ல. ஆனால் நம்மைச் சுற்றியிருந்தது வெற்றிடமல்ல; கொச்சியின் நல்ல காற்று. அதனால் கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டே வாழ முடிந்தது.

நம் வீரர்களும் நம் ஊரும்

1984 ஏப்ரல் 3-ஆம் தேதி ராகேஷ் சர்மா சோயூஸ் டி-11 கலத்தில் சென்ற செய்தியை நான் வானொலியில் கேட்டேன். அவர் அணிந்த 'சோக்கல்' உடையில் தலைக்கவசம் தனியாகக் கழலாது. உடையோடு தைத்த மென்மையான முக்காடும், மேலே தூக்கும் கண்ணாடியும் உண்டு. அந்த உடைக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1971 ஜூனில் சோயூஸ்-11 கலம் பூமிக்குத் திரும்பும்போது வால்வு ஒன்று திறந்துகொண்டு காற்று வெளியேறியது. கலத்தில் இடநெருக்கடி என்பதால் மூன்று வீரர்களும் அழுத்த உடை இல்லாமலே பயணம் செய்திருந்தனர், மூவரும் மாண்டனர். அதன் பின்னரே இந்த உடை கட்டாயமாயிற்று. ராகேஷ் சர்மாவைக் காத்த உடை அந்த மூவர் விட்டுச்சென்ற கொடை எனலாம்.

ககன்யான் பயணத்துக்கெனத் தேர்வான நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்டன. அவர்களில் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் பாலக்காட்டு நென்மாறாக்காரர். அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சுக்லாவும் அங்கத் பிரதாப்பும் மற்ற இருவர். கடலில் வந்து விழும் கலத்தை மீட்கும் பயிற்சி 2023-இல் எங்கே தொடங்கியது தெரியுமா? தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டி வில்லிங்டன் தீவு வழியாகப் போனால் வரும் நம் கொச்சிக் கடற்படைத் தளத்தின் பயிற்சிக் குளத்தில்தான்!

முடிவாக, போட்டி விஷயம். பேரனின் கவசத்தில் பின்புறமும் கழுத்துப் பக்கமும் அகலமாகத் திறந்துவிட்டேன். எக்ஸ்ரே பிலிமையும் எடுத்துவிட்டேன். வீட்டில் இப்படிச் செய்பவர்கள் அவசியம் காற்று வழி விடுங்கள். பிளாஸ்டிக் பையைக் குழந்தையின் தலையில் மாட்டவே கூடாது. மேடையில் அவன் இரண்டு நிமிடம் நன்றாகவே நடந்தான். பரிசு கிடைக்கவில்லை, பாரதியார் வேடம் போட்ட சிறுமிக்குப் போயிற்று.

திரும்பும்போது என் ஸ்கூட்டரில் ஏறுமுன் வழக்கம்போல் என் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டினேன். பையன் ஏறாமல் நின்றான். "தாத்தா, வார் அறுந்திருக்கே, நேத்தே சொன்னேனே" என்றான். சொல்லத்தான் சொன்னான். "பக்கத்தில்தானே போகிறோம், பார்த்துக்கலாம்" என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். மறுநாள் இரண்டு பேருக்கும் புது ஹெல்மெட் வாங்கினேன்.